ஏழு பூச்சு

செம்பைச் சரித்து ஜெமீலா மூன்றாம் முறையும் ஊற்றினாள். மையித்தாகக் கிடந்த லெய்லாவின் மணிக்கட்டில் பரவிய தண்ணீர், விரல்களுக்கு வந்ததும் துளித்துளியாக உருண்டு வாளிக்குள் விழுந்துவிட்டது.

“என்னடி இது, ராத்தாட விரல்ல? பிசின் மாதிரி ஒட்டிக்கிட்டு இரிக்கி.”

எத்தாளையில் எந்தப் பெண் மவுத்தானாலும் குளிப்பாட்ட வருகிறவள் ஜெமீலாதான். அவள் கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

“லின்சீட் எண்ணெய்” என்றாள் லெய்லாவின் தங்கை நிஸ்மியா. “பலகைக்குப் பூசுறது. காஞ்சா போகாது.”

“போகாட்டி எப்பிடி? தோலுல தண்ணி படாம குளிப்பு நிறைவேறாது. அஸர் தொழுகைக்கு எடுக்கிறதாம். நீதானே கூடப் பொறந்தவ, தேங்காய் எண்ணெய் தொட்டு உரசு. மெதுவா. மையித்துக்கு நோகும்.”

நிஸ்மியா அக்காவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். செத்த பிறகும் எனக்கு வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள் என்று அவளுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்! மையித்தோடு கோபித்தவளை ஊரில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள். அவள் கோபித்தாள்.

எல்லாம் அந்தக் குசினிப் பலகையால் வந்த வினை. வீடு நிஸ்மியாவின் பெயரில். தன் புருசன் மவுத்தான பிறகு தங்கையோடு வந்து இருந்தவள் லெய்லா. எலுவன்குளத்துப் பக்கமிருந்து ஏழடி முதிரைப் பலகையைத் தேடிக் கொண்டுவந்து, அடுப்புக்குப் பக்கத்தில் சுவரோடு மேசையாகப் பொருத்தவைத்ததும் அவள்தான். மீன் வெட்ட, தேங்காய் துருவ, சட்டி இறக்க என்று எல்லாம் அதில்தான். அதற்கு மேலே என்ன பூசுவது என்பதில் சண்டை தொடங்கியது.

கண்டக்குழியில் லொட்ஜுகளுக்கு மரவேலை செய்யும் லோறன்ஸ் நேர்மையான ஆள். “எண்ணெய் எண்டா ஏழு பூச்சு வேணும் அக்கா. ஒவ்வொண்டும் காயக் காயப் பூசணும், நாள் எடுக்கும். ஆனா உப்புக் காத்துக்கும் சூட்டுக்கும் அதுதான் நிக்கும். வார்னிஷ் ரெண்டு நாள்ல முடியும், பளபளப்பா இரிக்கும். சுடுசட்டி வெச்சா பொங்கிரும்” என்று இருவர் முன்னாலும் சொன்னான்.

லெய்லா எண்ணெய் என்றாள். அந்த வெள்ளிக்கிழமை நிஸ்மியாவின் மகள் ஸஃப்னாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். கட்டிக்கொடுத்த பிறகு மாப்பிள்ளை வந்து இருக்கப்போகிற வீடு. குசினி வரைக்கும் எட்டிப் பார்ப்பார்கள் என்று நிஸ்மியாவுக்குத் தெரியாதா? வார்னிஷ் என்றாள். மகளைப் பெற்றவள் சொல்தான் நின்றது.

வெள்ளிக்கிழமை, அடுப்பிலிருந்து இறக்கிய புரியாணிச் சட்டியை அவசரத்தில் யாரோ அதன் மேல் வைத்துவிட்டார்கள். எடுத்தபோது சட்டியளவுக்கு வட்டமாகத் தோல் உரிந்து வந்தது. மாப்பிள்ளையின் உம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அதோடு விட்டாளா லெய்லா? “நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். இவளுக்கு மேல் மினுக்கம்தான் எப்பவும் வேணும்” என்று அந்த மனுசிக்கு முன்னாலேயே போட்டு உடைத்தாள். ஒரு கிழமையில், சரிவராது என்று புத்தளத்து மாப்பிள்ளை வீட்டிலிருந்து தகவல் வந்தது. காரணம் பலகையா, வேறா, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நிஸ்மியாவுக்குக் காரணம் லெய்லாவின் வாய்தான்.

அன்றிலிருந்து நான்கு மாதம் பேச்சில்லை. ஒருத்திக்கு மற்றவளிடம் ஏதாவது வேண்டுமென்றால் ஸஃப்னா நடுவில் நின்று சொல்ல வேண்டும். லெய்லா உடைந்த போத்தல் கண்ணாடியால் அந்த வார்னிஷ் முழுவதையும் தானாகவே சுரண்டி எடுத்தாள். பிறகு துணியில் எண்ணெயைத் தொட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். தேய்த்துவிட்டு அவள் அந்தப் பக்கம் போனதும், நிஸ்மியா கொதிக்கிற சட்டியைக் கொண்டுவந்து நடுப்பலகையில் குத்தினாற்போல் வைப்பாள். வேண்டுமென்றேதான். லெய்லா வந்து, சட்டி பதிந்த இடத்தைத் திரும்பவும் தேய்ப்பாள்.

“சுண்டு விரல் இன்னும் போகல்ல” என்றாள் ஜெமீலா.

நிஸ்மியா நகக்கண்ணைத் துணி முனையால் துடைத்தாள். தேன் நிறத்தில் மெல்லிய ஏடு சுருண்டு வந்தது. எத்தனை பூச்சின் எண்ணெய் இது? நேற்று வரை ஐந்து என்று ஸஃப்னா சொல்லியிருந்தாள். காலையில் தேய்த்தது ஆறாவது.

காலையில்தான். சுபஹு தொழுதுவிட்டு நிஸ்மியா குசினிக்குள் போனபோது லெய்லா பலகையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். மற்றக் கையில் எண்ணெய்த் துணி. முகம் வெளுத்திருந்தது.

“புள்ள, கொஞ்சம் தண்ணி” என்றாள்.

நான்கு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் வார்த்தை. அது தன்னிடம்தான் என்று நிஸ்மியாவுக்கு நன்றாக விளங்கியது. ஸஃப்னா அப்போது எழும்பியே இருக்கவில்லை. இருந்தாலும், கேட்டவுடன் ஓடிப்போய்க் கொடுத்தால் தான் இறங்கிப்போனதாகிவிடும் என்று ஒரு வீம்பு. காதில் விழாதவள் போல வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். வாளி நிறைய எத்தனை நேரம் எடுக்கும்? திரும்பி வந்தபோது லெய்லா கதிரையில் சாய்ந்திருந்தாள்.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. புருசன் உசனாரிடம்கூட.

“இப்ப ஊத்துங்க” என்றாள் ஜெமீலாவிடம்.

இம்முறை தண்ணீர் விரல்களில் உருளவில்லை. நகத்தின் மேல் பரவி, விரலிடுக்கில் இறங்கி, உள்ளங்கையில் தேங்கியது. நிஸ்மியா அதைக் கொட்டாமல் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள்.

கபன் துணியால் சுற்றி முகத்தை மூடுமுன் ஜெமீலா அவள் தோளைத் தொட்டாள். “நீங்க ரெண்டு பேரும் கதைக்காம இருந்தது ஊருக்கே தெரியும். மையித்து வாசலத் தாண்ட முந்தி மாப்புக் குடுத்திரு, புள்ள. வாயால சொல்லு. அவ பாரம் இல்லாமப் போகட்டும்.”

சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் காத்திருந்தார்கள். நிஸ்மியா வாயைத் திறந்தாள். மாப்புக் கொடுக்க வேண்டியவள் நானா, கேட்க வேண்டியவளா? முகத்துத் துணியை அவளே இழுத்து மூடினாள்.

“கல்நெஞ்சக்காரி” என்று பின்னால் ஒருத்தி முணுமுணுத்தது நன்றாகவே கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே உசனார் நேரமாகிவிட்டது என்று குரல் கொடுத்தார். மையித்தை வைத்த சந்தூக்குப் பெட்டி தூக்கப்பட்டது.

ஆண்கள் அடக்கிவிட்டு மையவாடியிலிருந்து திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. மவுத்து வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று ஜெமீலா தன் வீட்டில் சோறாக்கி, ஆவி பறக்கும் சட்டியை இரண்டு துணியால் பிடித்துக்கொண்டு குசினிக்குள் வந்தாள். பலகைக்கு மேலே சட்டியை நீட்டினாள்.

“அதுல வெக்காதீங்க.”

நிஸ்மியா போட்ட சத்தத்தில் ஜெமீலா அப்படியே நின்றுவிட்டாள்.

“எண்ணெய் இன்னும் காயல்ல” என்றாள் நிஸ்மியா, குரலை இறக்கி. “இன்னும் ஒரு பூச்சு இரிக்கி.”

சட்டியை வெறுங்கையால் வாங்கித் தரையில் இறக்கி வைத்தாள். சிவந்துபோன விரல்களைப் பலகையில் வைத்தாள். லேசாக ஒட்டியது.