வால் கூண்டு

பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா அனுப்பிய பெட்டியை செல்வநாதன் இரண்டு வாரம் பிரிக்கவே இல்லை. மூன்றாவது வாரம் அவன் மனைவி ஆக்சிலியாவே கத்தரிக்கோலால் டேப்பைக் கிழித்து, பெட்டியை அவன் முன்னால் வைத்துவிட்டு கிளினிக்குக் கிளம்பினாள். அவள் அங்கே நர்ஸ்.

உள்ளே இருந்தது லங்காஸ்டர். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்கள் ஓட்டிய நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம், எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில். சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி எடுத்து ஒட்டினால் ஒரு அடி நீள விமானம் வரும்.

"கை சும்மா இருந்தா மனசு அங்கயேதான் போயி நிக்கும். பள்ளிக்கூடத்துல படிக்கிறப்ப ஒட்டுவியே, அதையே ஒட்டு" என்று அக்கா போனில் சொன்னாள்.

மனசு போய் நின்ற இடம் ஒரு எஞ்சின் ரூம். செல்வநாதன் விசைப்படகு மெக்கானிக். போன நவம்பரில் செம்பியன் என்பவரின் படகில் தண்ணீர் பம்பைக் கழற்றக் கீழே இறங்கினான். இறங்கிய கொஞ்ச நேரத்தில் மேல் மூடி சாத்தப்பட்டு, வெளிக்கொக்கியும் மாட்டப்பட்டது. படகில் வேறு ஆள் இல்லை. போன் சட்டைப்பையில் இருந்தது, சட்டை மேலே தொங்கியது. கரையில் ஐஸ் உடைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் தட்டியது யாருக்கும் கேட்கவில்லை. டார்ச் இரண்டு மணி நேரத்தில் செத்துவிட்டது. காலை பத்து மணிக்கு இறங்கியவனைச் சாயங்காலம் ஏழு மணிக்குத்தான் தூக்கினார்கள். டீசல் வாடையில் வாந்தி எடுத்து, கால்சட்டையை நனைத்து, நாற்பது பேருக்கு முன்னால் கேவிக் கேவி அழுதான்.

மூடியைப் போட்டவன் மருதையன். திருவேட்டக்குடிக்காரன், முப்பத்தைந்து வயசு, அந்தப் படகில் பல வருஷம் தொழில் பார்த்தவன். டீ குடிக்கக் கரைக்குப் போனவன், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போன் வந்ததும் அப்படியே ஊருக்குப் போய்விட்டான். செம்பியன் அன்றைக்கே அவனைப் படகிலிருந்து நிறுத்தினார். படகுத்துறையில் வேறு யாரும் அவனை ஏற்றிக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் செல்வநாதன் படகு ஏறவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. அறைக்கதவைக் கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான். அவன் குளிக்கும்போது ஆக்சிலியா ஒருக்களித்த கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சு நின்றால் சோப்பு நுரையோடு வெளியே வந்துவிடுவான். அவளாலும் வீட்டை விட்டு ஒரு நாள்கூட வெளியூர் போக முடியவில்லை. தங்கை கல்யாணத்துக்குக்கூட வேளாங்கண்ணிக்குப் போய் மூன்று மணி நேரத்தில் திரும்பினாள்.

விமானம் வந்த பிறகு வீட்டில் காற்றாடியும் நின்றது. பெயிண்டில் தூசு ஒட்டும், துண்டுகள் பறக்கும் என்றான். ஜூன் மாதப் புழுக்கத்தில் ஆக்சிலியா முறத்தால் விசிறிக்கொண்டாள். ஆனால் காற்றாடியைப் போடவில்லை. மெஷினைக் கண்டால் அவனுக்கு வரும் பழைய முகத்தை இத்தனை மாதம் கழித்துப் பார்த்திருந்தாள்.

பெட்டியில் கொடுத்தபடி ஒட்டினால் போதும் என்று அவன் நினைக்கவில்லை. உள்ளே வெறும் தரையும் ஒரு நாற்காலியும்தான் கொடுத்திருந்தார்கள். நிஜ விமானத்தின் படங்களைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தான். ஐஸ்கிரீம் கப்பைக் கீற்றாக நறுக்கி, உடலின் உள்பக்கம் விலா எலும்புபோல வரிசையாக ஒட்டினான். பழைய டெலிபோன் வயரிலிருந்து செம்புக் கம்பி உருவி மின்குழாய் போட்டான். அவன் தூங்குவதற்கு டாக்டர் கொடுத்த மாத்திரை அட்டையின் வெள்ளித்தாளை ஊசியளவு கத்தரித்து இருக்கைப் பட்டைகள் செய்தான். வழிகாட்டுபவனின் மேசைமேல் கடுகளவு வரைபடம்கூட விரித்தான். முன்மூக்கில் ஆரம்பித்து, விமானத்தில் போகும் ஒவ்வொருவர் இடமாகச் செய்துகொண்டே வால்பக்கம் வந்தான். மொத்தம் ஏழு ஆள்.

ஏழாவது ஆளிடம் வேலை நின்றது.

உடலின் இரண்டு பாதிகளும் தனித்தனியாக மேசையில் கிடந்தன. வாலின் கடைசியில் வைக்க வேண்டிய கண்ணாடிக் கூண்டு பக்கத்தில் இருந்தது. மூன்று வாரமாக அவன் எதையும் தொடவில்லை. காற்றாடியும் ஓடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வந்த ஆக்சிலியா, முக்காட்டை எடுத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?"

"ரெண்டு பாதியையும் சேத்து ஒட்டணும்."

"ஒட்டுங்களேன்."

"ஒட்டிட்டா மூடிக்கும்ல. அப்பறம் தொறக்க முடியாது."

அவள் கூண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். அரை நெல்லிக்காய் அளவுகூட இல்லை. "இதுல யாரு இருப்பா?"

"பின்னாடி வர்ற விமானத்தைச் சுடுறவன். மத்த ஆறு பேரும் முன்னாடி. இவன் மட்டும் வாலுல தனியா. எட்டு மணி நேரம், ஒம்பது மணி நேரம். காலை நீட்ட முடியாது. பாராசூட்டைக்கூட உள்ள வைக்க எடம் கெடையாது, கூண்டுக்கு வெளியில மாட்டிட்டுத்தான் உக்காரணும்."

"ஐயோ பாவம். இவனை உள்ள வச்சு யாரு கதவைச் சாத்துவா?"

"அவனேதான் சாத்திக்குவான்" என்றான் செல்வநாதன்.

சொன்ன பிறகு அவன் வாய் கொஞ்சம் திறந்தபடியே நின்றது. கைகள் மேசை விளிம்பைப் பிடித்தன. ஆக்சிலியா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

"போவாத. உக்காரு" என்றான். "நான்தான் மூடச் சொன்னேன்."

"எதை?"

"படகு மூடியை. மழை பேஞ்சுது, சாரல் பம்புமேல விழுந்துச்சு. மூடிட்டுப் போ மருதையான்னு நான்தான் கத்துனேன். அவனாப் போடல."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். "ஆஸ்பத்திரியில செம்பியன் வந்து கேட்டப்ப, ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்களே. நான் பக்கத்துலதான நின்னேன்."

"ஞாபகம் இருந்துச்சு. நல்லா இருந்துச்சு." அவன் குரல் தணிந்தது. "அத்தனை பேரு பாக்க அப்புடிக் கெடந்தேன். நானே மூடச் சொல்லி நானே மாட்டிக்கிட்டேன்னா சிரிப்பானுங்கன்னு இருந்துச்சு. யாராவது ஒருத்தன் மேல கோவப்பட்டாத்தான் தாங்கும்போல இருந்துச்சு. அன்னைக்குச் சொல்லல. மறுநாள் சொல்லலாம்னா, அதுக்குள்ள அவனை நிறுத்திட்டாங்க."

ஆக்சிலியா கூண்டைப் பத்திரமாக மேசையில் வைத்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்தது. எட்டு மாதம் குளியலறை வாசலில் நின்று பேசிய பேச்சிலெல்லாம் மருதையனை எத்தனை தடவை திட்டியிருப்பாள். இவன் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சட்டையைப் போடுங்க. வண்டியை எடுக்குறேன்" என்றாள்.

அவள் ஸ்கூட்டியை ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து போனான். கோட்டுச்சேரி தாண்டித் திருவேட்டக்குடிக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. மருதையன் கொட்டகை நிழலில் கால்நீட்டி உட்கார்ந்து, யாருடைய வலையையோ கூலிக்குச் செப்பம் செய்துகொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான்.

"வாங்கண்ணே. வாங்கக்கா" என்றான். எழுந்திருக்கவில்லை.

"மருதையா, நான்தான் மூடச் சொன்னேன்."

மருதையன் கையிலிருந்த ஊசி நிற்கவில்லை. "தெரியும்ண்ணே. நானும் அங்கதான இருந்தேன்." வலையில் இரண்டு கண்ணி போட்டான். "ஞாபகம் இல்லைன்னு சொன்னீங்களாம். அதுக்கப்பறம் என் பொண்டாட்டியே என்னை ஒரு மாதிரி பாத்தா. ஒருவேளை அண்ணன் நெசமாவே சொல்லலையோ, நமக்குத்தான் அப்புடிக் கேட்டுச்சோன்னு நானே பத்து நாள் தூங்கலண்ணே."

செல்வநாதன் அவன் எதிரே மணலில் உட்கார்ந்தான்.

"ஆனா ஒண்ணு" என்றான் மருதையன். "நீங்க மூடத்தான் சொன்னீங்க. கொக்கி மாட்டச் சொல்லல. அது நான் பழக்கத்துல போட்டது. புள்ளைக்குக் காச்சல்னதும் நீங்க உள்ள இருக்குறதே மறந்துபோச்சு. அதை நான் எங்கயும் இல்லைன்னு சொல்லல."

"செம்பியன்கிட்ட வந்து சொல்லிடுறேன்."

"எப்ப?"

"இப்பவே."

மருதையன் அப்போதுதான் ஊசியைக் கீழே வைத்தான். எழுந்து அவர்களோடு கிளம்பினான்.

செம்பியன் படகுத்துறையில் தன் வலைக்கொட்டடிக்குள் இருந்தார். ஜன்னல் இல்லாத, தகரம் போட்ட நீளமான கொட்டடி. செல்வநாதன் வாசல்படி வரை போனான். உள்ளிருந்து டீசல் வாடை வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"வாங்க மெக்கானிக், உள்ள வாங்க" என்று செம்பியன் கூப்பிட்டார்.

"என்னால வர முடியலைங்க. இங்கேருந்தே சொல்றேன்."

வெளியே ஐஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கேட்க வேண்டுமானால் கத்தித்தான் சொல்ல வேண்டும். கத்தினான். மழை பெய்ததையும், தான் மூடச் சொன்னதையும், ஆஸ்பத்திரியில் பொய் சொன்னதையும் ஒவ்வொன்றாகக் கத்தினான். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் கூடையோடு திரும்பிப் பார்த்தார்கள். சொல்லி முடிப்பதற்குள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள்.

செம்பியன் எழுந்து வாசலுக்கு வந்தார். "எட்டு மாசமா வாயில என்னத்தை வச்சிருந்தீங்க?" என்று கேட்டார். பிறகு மருதையனைப் பார்த்தார். "நீ அப்பவே எங்கிட்ட தலபாடா அடிச்சிக்கிட்ட. நான்தான் கேக்கல."

செம்பியன் படகில் மருதையன் இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான், அவனை இறக்க முடியாது. ஆனால் வாசலில் கூடைக்காரர்களோடு நின்று கேட்ட அலாவுதீன், தன் படகுக்கு ஒரு ஆள் வேண்டும் என்று அங்கேயே சொன்னார். அடுத்த நடையில் மருதையன் கடலுக்குப் போனான்.

செல்வநாதனைப் பற்றி நல்லவிதமாக யாரும் பேசவில்லை. வழக்கமாகக் கூப்பிட்ட இரண்டு படகுக்காரர்கள் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவனாலும் எஞ்சின் ரூமுக்குள் இறங்க முடிந்திருக்காது. கரையில் கிடக்கும் பைபர் படகுகளின் மோட்டார்களைத் திறந்த மணலில் வைத்துப் பிரித்துப் பார்க்கும் வேலையை எடுத்துக்கொண்டான். தலைக்குமேல் ஆகாயம் மட்டும் இருக்கும் வேலை அது.

விமானத்தின் இரண்டு பாதிகளையும் ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் சேர்த்து ஒட்டினான். ஒட்டும்போது பசை ஒரு பக்கம் வழிந்தது, தேய்த்துச் சரிசெய்தான். விலா எலும்பும் பட்டைகளும் வரைபடமும் உள்ளே போய்விட்டன. வால் கூண்டை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பி, அதன் இரண்டு கதவுகளையும் மெல்லிய தகட்டில் செய்து திறந்தபடி வைத்தான். அன்றைக்கே ஆக்சிலியா காற்றாடியைப் போட்டாள்.

குளியலறைக்கு அவன் இன்னும் தாழ் போடுவதில்லை. கதவை முக்கால்வாசி சாத்துகிறான். அந்த நேரத்தில் ஆக்சிலியா வாசலில் நிற்பதை விட்டுவிட்டாள். அடுப்படியிலிருந்தே பேசுகிறாள், சில நாள் பேசாமலும் இருக்கிறாள். மணலில் எதிர்ப்பட்டால் மருதையன் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவான். செல்வநாதனும் ஆட்டுவான். இதுவரை அவ்வளவுதான்.