தெற்கே தலை வைத்து

பெற்ற தாய் என்னைப் பார்த்து, "யாருங்க நீங்க, இன்னா வோணும்?" என்று கேட்டால் எனக்கு எப்படி இருக்கும்? 'ங்க' வேறு போட்டுக் கேட்கிறாள். "அடி சிறுக்கி" என்றே என்னைக் கூப்பிட்டு வளர்த்தவள்.

அம்மா கொளஞ்சியம்மாளுக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடம் ஆகிறது. களமருதூரில் தம்பி தனசேகரன் வீட்டில் இருக்கிறாள். நான் திருக்கோவிலூரிலிருந்து வாரம் தவறாமல் பஸ் ஏறி வருகிறேன். வாரம் தவறாமல் அவளுக்கு நான் யாரோ.

கள்ளக்குறிச்சி டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார். "பேரு, மொகம் எல்லாம் போனாலும் பாட்டு மூளையில ரொம்ப நாள் தங்கும்மா. அவங்களுக்குப் பழகின பாட்டக் கேக்க வைங்க, அவங்களையே பாடவும் வுடுங்க. அதோட சேர்ந்த ஞாபகமும் சில நேரம் வரும்." என் தம்பி, அந்த மகராசன், என்ன செய்தான்? ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்து, விடிந்ததிலிருந்து சாமிப் பாட்டாகப் போட்டான். அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் என்றைக்கடா சாமிப் பாட்டு பாடினாள்? சுற்றுப்பட்டில் எந்தச் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

போன மாதம் பக்கத்து வீட்டு ராமசாமி செத்தார். மேளம் கேட்டதும் அம்மா தானாக எழுந்து போய், தலைமாட்டில் உட்கார்ந்து பாடினாள். அவர் பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்தி என்று ஒரு பெயர் விடாமல் சொல்லி அழுதாள். சாவுக்கு வந்திருந்த நானே காதால் கேட்டேன்.

வீட்டுக்கு வந்தும் அம்மா ராகத்தை விடவில்லை. தம்பி பெண்டாட்டி விஜயலட்சுமி ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினாள்.

"நல்லா இருக்குற வூட்ல ஒப்பாரி வெச்சா வெளங்குமா அண்ணி? எம் பொண்ணு சந்தியா மாசமா வந்து இருக்கா."

அன்றிலிருந்து அம்மா வாயைத் திறந்தாலே அதட்டல்தான்.

நேற்றும் அம்மா ஏதோ முனகினாள். "ஏ கெழவி, கம்முனு கெட!" என்றாள் விஜயலட்சுமி. அம்மா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். எனக்கு ஆத்திரம் உச்சந்தலைக்கு ஏறியது.

"ஏன்டி, அவ வாய அடைச்சுட்டா சாவு வராதா? எமன் ஒன்னக் கேட்டுக்கினுதான் வருவானா?"

"வூட்டுக்குள்ள கூடாது, அவ்ளோதான்."

"வூட்டுக்குள்ளதானே கூடாது?"

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கரும்புக் கொல்லைக்கு நடந்தேன். வரப்போரம் உதிர்ந்து கிடந்த தோகையின் மேல், தெற்கே தலை வைத்து, இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்து நீட்டிப் படுத்தேன். பிணத்தை அப்படித்தானே கிடத்துவார்கள்.

"யம்மா, ஒம் மவ செத்துட்டா. பாடு."

கண்ணை மூடிக்கொண்டேன். பிறகு அவள் என் தலைமாட்டில் உட்காரும் சத்தம் கேட்டது. மாரில் அடித்துக்கொண்டாள்.

"கரும்பு வெட்டப் போன எடத்துல
கமலா ஒன்னப் பெத்தேனே...
தோகைய விரிச்சுப் படுக்க வெச்சேன்
தொட்டிலுக்கு வழியில்லாம..."

கமலா. என் பெயர். கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை.

தம்பி ஓடிவந்தான். "யக்கா, இன்னா கூத்து இது? ஊரே பாக்குது, எழுந்துரு!"

கண்ணைத் திறந்தால் மறுபடியும் நான் யாரோ. இறுக மூடிக்கொண்டேன்.

"கம்முனு இருடா," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "எங்கம்மா என்னக் கூப்புட்டுக்கினு இருக்கா."