வெளியிட்டவர் யாரென்று தெரியவில்லை

எங்கள் தெருமுனை ஸ்டுடியோக்காரருக்குத் துடைப்பம் என்று பெயர் வைத்தது நான் இல்லை. பரப்பியது வேண்டுமானால் நானாக இருக்கலாம். மனிதர் லென்ஸைத் துடைப்பார், மேசையைத் துடைப்பார், வாடிக்கையாளர் எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைப்பார். கம்ப்யூட்டரையும் விடுவதில்லை. வாராவாரம் திரையில் கிடக்கும் படங்களை அழித்துவிடுவார். அழித்தவை முதலில் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குத்தானே போகும்? இவர் அதற்கும் அனுப்பமாட்டார். இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினால் நேராக மேலுலகம்தான். தொட்டியில் குப்பை கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராதாம்.

இந்தச் சுத்தம்தான் மருந்துக்கடை அம்மாவின் குடும்பப் படத்தைக் கொண்டுபோய்விட்டது.

அந்த அம்மாவுக்கு நாலு பிள்ளைகள். அப்பா போன பிறகு வீடு யாருக்கு என்பதில் முட்டிக்கொண்டவர்கள், ஒருவர் வந்தால் இன்னொருவர் வரமாட்டார்கள். போன வாரம் அம்மா கெஞ்சிப் பார்த்து, அழுது பார்த்து, கடைசியில் நெஞ்சுவலி என்று ஒரு பொய்யைச் சொல்லி நாலு பேரையும் வரவழைத்தார். எந்த வலி எப்படி இருக்கும் என்று மருந்துக்கடைக்காரருக்குச் சொல்லியா தரவேண்டும்? ஸ்டுடியோவில் அம்மா முன்னால் உட்கார, பிள்ளைகள் பின்னால் நிற்க, படம் எடுத்தாயிற்று. மறுநாளே நாலும் நாலு திசைக்குப் போய்விட்டன. இன்னொரு தடவை நெஞ்சுவலி செல்லாது. அந்தப் படம் போனால் போனதுதான்.

அம்மா பிரிண்ட் வாங்க வருவதாகச் சொல்லியிருந்த அன்று நானும் பாஸ்போர்ட் படம் எடுக்க அங்கே போயிருந்தேன். அந்த பாஸ்போர்ட் படத்தைச் சாக்கு வைத்துத்தான் பல மாதங்களாக நான் அங்கே போய்க்கொண்டிருக்கிறேன்.

துடைப்பம் கம்ப்யூட்டர் முன்னால் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி ஸ்பீக்கரில் போட்ட போனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். போனில் அவள் தம்பி. எங்கோ தொலைவில் ஆபீஸ் வேலையில் இருப்பவன்.

விஷயத்தைக் கேட்டதும், "கேமரா கார்டுல இருக்குமே" என்றேன்.

"அதுல நேத்து ஸ்கூல் பிள்ளைங்கள எடுத்தாச்சு."

"கார்டைத் துடைச்சிட்டா?"

"துடைக்காம எப்படி எடுக்கறது?" என்றார், நான் ஏதோ அசிங்கமாகக் கேட்டுவிட்டதுபோல.

"மாமா, அழிஞ்ச படத்தை மீட்கற சாஃப்ட்வேர் ஒண்ணு அனுப்பியிருக்கேன். இறக்குங்க" என்றான் தம்பி.

இறக்கியதுமே திரையின் மூலையில் ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. அவள் வாசித்தாள். "ஆபத்தான ஃபைலா இருக்கலாமாம். வெச்சுக்கறீங்களா, தூக்கிப் போடறீங்களான்னு கேக்குது."

தூக்கிப் போடுவது என்றதும் துடைப்பத்தின் கை தானாக அந்தப் பக்கம் போனது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

அடுத்தது திரையை மறைக்கும் நீலப் பெட்டி. உங்கள் கம்ப்யூட்டரை நாங்கள் காப்பாற்றிவிட்டோம் என்றது.

"யார்கிட்டேருந்து?"

"உங்ககிட்டேருந்துதான்" என்றாள் மனைவி.

அதில் சாஃப்ட்வேரை 'ஓட்டாதே' என்று ஒரே ஒரு பொத்தான்தான் இருந்தது. 'மேலும் விவரம்' என்று பொடி எழுத்தில் இருப்பதை அமுக்கினால் 'பரவாயில்லை, ஓட்டு' என்பது வெளியே வரும் என்றான் தம்பி.

"நல்லது எதுக்குடா ஒளிஞ்சிருக்கு?" என்று முனகிக்கொண்டே அமுக்கினார்.

மூன்றாவது பெட்டி, கம்ப்யூட்டரில் மாற்றங்கள் செய்ய இதை அனுமதிக்கலாமா என்று கேட்டது. வெளியிட்டவர்: யாரென்று தெரியவில்லை.

"பேரு தெரியாதவன உள்ள விடச் சொல்றியா? எல்லார் படமும் இதுலதான்டா இருக்கு."

"சின்னக் கம்பெனி மாமா. பேரைப் பதிஞ்சிருக்க மாட்டான். விடுங்க உள்ள."

விட்டார். உடனே ஆன்டிவைரஸ் சிவப்பாக எழுந்து கூவியது. துடைப்பம் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது, அதைத் துடைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு. அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை.

"மாமா, எல்லாம் சும்மா பயமுறுத்தறது. எது வந்தாலும் சரி, சரின்னு அமுக்கிட்டே போங்க. எனக்கு மீட்டிங்" என்று போனை வைத்துவிட்டான்.

சரி. சரி. அடுத்து. சரி. கண்ணை இடுக்கிக்கொண்டு, கசப்பு மருந்து குடிப்பதுபோல அமுக்கினார். நடுவில் வெள்ளையாக ஒரு பெட்டி வந்தது. சிவப்பும் இல்லை, சத்தமும் இல்லை, மரியாதையாக இரண்டு வரி மட்டும்.

"இருங்க, அதுல என்னமோ எழுதியிருந்துச்சு" என்றாள் மனைவி.

"எல்லாத்துலயும்தான் எழுதியிருக்கு" என்று அதையும் அமுக்கினார்.

சாஃப்ட்வேர் உட்கார்ந்துவிட்டது. அவளுக்கு மனசு கேட்கவில்லை, தம்பியைத் திரும்பக் கூப்பிட்டாள்.

"எந்த டிரைவுல போட்டீங்க?" என்றான்.

"அதுவே எங்கயோ போட்டுக்கிச்சு."

"படம் இருந்த டிரைவுலயேவா?" அவன் தலையில் அடித்துக்கொண்டது போனிலேயே கேட்டது. "அழிஞ்ச படத்து மேலயே போய் உக்காந்திருக்கும்க்கா. வேற டிரைவுல போடுங்கன்னு அதுலயே சொல்லியிருக்குமே."

"எதுன்னுடா பாக்கறது? இத்தனை வந்துச்சே."

"அது ஒண்ணுதான்க்கா நெஜம்."

தேடல் தொடங்கியது. பச்சைக் கோடு ஊர்ந்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசிப் பையன் தாமதமாக வந்தவன் என்பதால் முதல் படங்களில் மூன்று பேர்தான். அவையெல்லாம் பளிச்சென்று இருந்தன. அவன் வந்து சேர்ந்த பிறகு எடுத்தவை திறக்கவே இல்லை. ஒன்றே ஒன்று திறந்தது. மேலே நாலு தலைகளும் தெளிவாக இருந்தன. மார்புக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா அந்தச் சாம்பலுக்குள் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மருந்துக்கடை அம்மா படியேறி வந்தார். துடைப்பம் எழுந்து மனைவிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். மனைவிதான் நடந்ததைச் சொன்னாள், ஒன்றையும் ஒளிக்காமல்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்கு அருகே குனிந்தார். விரலால் தலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். துடைப்பம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"நாலும் இருக்காங்கள்ல?"

"இருக்காங்கம்மா. நீங்கதான் இல்ல. இப்ப அந்த நாற்காலில உக்காருங்க, உங்கள எடுத்து முன்னால ஒட்டிடறேன். தெரியவே தெரியாது" என்றார் துடைப்பம்.

"வேணாம் தம்பி. அப்பறம் நான் யார் பக்கம் சாஞ்சு உக்காந்திருக்கேன்னு அதுக்கு ஒரு சண்டை வரும். கீழ இருக்கறத வெட்டிட்டு அப்படியே குடு."

வெட்டி, பிரிண்டுக்குக் கொடுத்தார். மெஷின் முனகியது. நாங்கள் நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதன் வாயைப் பார்த்து நின்றோம். முதலில் மூத்தவனின் உச்சந்தலை, பிறகு பெண்கள் இருவரின் நெற்றிகள். எல்லோரையும்விடக் குட்டையான கடைசிப் பையன் இன்னும் வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.