அக்கா எழுதிய வரி, சோடாபுட்டி பெயரில்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. நேற்று சாப்பிடும்போது அக்கா வாய் தவறிச் சொன்னதைச் சுருட்டிக்கொண்டேன். "இதையும் கதையாக்கிடாதடா" என்று அவள் சொல்லவே இல்லை. (சொன்னாள்.)

2

முதல் முயற்சி: ‘ஆயிரம் கணினிகள் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்ட அந்த அறையில் அவள் மட்டும்…’ வேண்டாம். அங்கே எட்டு மேசையும் ஒழுகுகிற ஒரு ஏசியும்தான்.

இரண்டாம் முயற்சி: அக்கா கணினி இயங்குதளம் செய்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள். இணையத்திலிருந்து வரும் தகவலை உள்ளே வாங்கும் ‘டிரைவர்’ என்கிற நிரல் அவள் பொறுப்பு. தகவல் வரும்போது நினைவகத்தில் இடம் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். ஆறு வருஷத்துக்கு முன் எழுதிய ஒரு வரியில், விட்டுவிட்ட இடத்திலேயே மறுபடி கை வைத்துவிட்டாள். அதற்குள் அந்த இடம் வேறொன்றுக்குப் போயிருக்கும். விவரம் தெரிந்த திருடன் அந்த வழியாகக் கணினியையே கைப்பற்றலாம்.

போன வாரம் கண்டுபிடித்து ஓட்டையை அடைத்துவிட்டார்கள்.

"அடைச்சாச்சுல்ல, அப்புறம் என்ன?" என்றேன்.

"அந்த வரிக்குப் பக்கத்துல என் பேர் இல்லடா."

3

ஒவ்வொரு வரிக்கும் கடைசியாக அதைத் தொட்டவர் பெயர்தான் முதலில் தெரியுமாம். சோடாபுட்டி என்கிற சக ஊழியர் சுத்தக்காரர். அக்காவின் வரிகளுக்கு முன்னால் இருந்த இடைவெளிகளை ஒழுங்குபடுத்தினார். ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை. பழி அவர் தலையில். பழைய பதிவைத் தோண்டினால் உண்மை வரும். யாரும் தோண்டவில்லை. தன் பெயரைப் பார்த்து அவரே தன் தப்பு என்று நம்பிவிட்டார். இன்று பதினொரு மணிக்கு விசாரணை, வேலை போகும் என்று பேச்சு.

(அடிக்குறிப்பு: இவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். அக்காவுக்குத் தினமும் டீ கொண்டுவந்து வைக்கிறவர் என்று தெரிந்ததும் மனசு வரவில்லை.)

"நீ சொன்னா உன் வேலை போயிடுமா?"

"போனாலும் போகும். அதைவிட, பத்து வருஷமா என்னைத் தப்பே பண்ணாதவள்னு சொல்லிட்டு இருக்காங்கடா."

4

முடிவு அ: அக்கா எழுந்து, "அது நான் எழுதினது" என்கிறாள்.

முடிவு ஆ: வாயே திறக்கவில்லை. சோடாபுட்டி தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்கும்போது கூடமாட உதவுகிறாள். எழுதி முடித்தபோது எனக்கே அவளைப் பிடிக்கவில்லை.

முடிவு இ: அன்றைக்குப் பார்த்து மின்சாரம்… (விடுங்கள், இது ஏமாற்று வேலை.)

5

வாசகரே, மன்னிக்கவும். இவ்வளவு நேரம் உங்களிடம் பேசுவதுபோல் நடித்தேன். இதை ஒருத்திக்கு மட்டும்தான் அனுப்பியிருக்கிறேன், காலை பத்து நாற்பதுக்கு, அவள் அலுவலக முகவரிக்கு.

அக்கா, முடிவை நான் எழுதலை. கோபத்தை வீட்டுக்கு வந்து காட்டு. மணி பதினொண்ணு ஆகப்போகுது, எழுந்திரு.