ஏழாம் அறை அமெரிக்கர்

ஏழாம் அறையில் இருந்த அமெரிக்கர் தன்னை வேவு பார்க்கிறார் என்பதில் வரதராஜாவுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை.

மெல்பேர்னில் செயின்ட் கில்டா கடற்கரைக்குப் பின்தெருவில், பதினொரு அறைகள் கொண்ட பழைய விடுதி அது. வருபவர்களுக்கு அறைத் திறப்புக் கொடுப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, குளியலறை கழுவுவது எல்லாம் வரதராஜாவின் வேலை. படிக்க வந்தவன்; படிப்புப் பாதியில் நின்றுபோய், விசா முடிந்து பதினாறு மாதங்கள் ஆகியிருந்தன. யாழ்ப்பாணத்தில் மனைவி கமலினியும், அவன் இன்னும் கண்ணால் காணாத மகளும் காத்திருந்தார்கள்.

எழுபத்தாறாம் ஆண்டு ஏப்ரல் மாதம். விசா முடிந்தும் தங்கியிருப்பவர்கள் முப்பதாம் திகதிக்குள் தாமாகவே வந்து பதிந்தால் மன்னிப்பு உண்டு, நிரந்தரமாகவே இருக்கலாம் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. அப்படி இருந்தால்தான் கமலினியையும் பிள்ளையையும் கூப்பிடலாம். ஆனால் வரதராஜா அதை நம்பவில்லை. எலிப்பொறியில் வைக்கிற தேங்காய்த்துண்டு என்றே நினைத்தான்.

அமெரிக்கரின் பெயர் ஹார்லன் டக்கெட். வயது அறுபதுக்கு மேல். ஒட்டிய கன்னம், மெல்லிய உதடு, இடது புருவத்தைப் பிளந்த ஒரு தழும்பு. அந்த முகத்தைக் கண்டால் தெருநாயும் ஒதுங்கிப் போகும். பகல் முழுக்கக் கூடத்துச் சாய்வுக் கதிரையில் இருப்பார். பேப்பர் கையில் இருக்கும்; கண் வரதராஜாவின் மேல் இருக்கும்.

"ராஜா, கதவைத் தட்டிவிட்டு ஏன் ஓரடி பின்னுக்குப் போகிறாய்?" என்று ஒருநாள் கேட்டார். இன்னொருநாள், "பொலிஸ்காரரைக் கண்டதும் உன் சப்பாத்தைப் பார்த்தாயே, ஏன்?" என்றார். பதிலை எதிர்பார்க்கவும் மாட்டார். சிவப்பு மட்டை போட்ட சின்னக் கொப்பியை எடுத்து எதையோ எழுதுவார்.

ஞாயிற்றுக்கிழமை வரதராஜா ரயிலேறி ஸ்பிரிங்வேலில் இருந்த யோகேஸ்வரனிடம் போனான். இருவரும் ஒரே பள்ளிக்கூடம். யோகேஸ்வரன் தொழிற்சாலை வேலைக்காரன். எதற்கும் உடனே தீர்ப்புச் சொல்லிவிடுவான்.

"உவன் உளவுகாரன்தான் மச்சான். அச்சொட்டா உளவுகாரன்."

"குளியலறை கழுவுற என்னை உளவு பாக்க அமெரிக்காவில இருந்து ஆள் வாறதே? விசர்க்கதை கதைக்காதை."

"டேய், உன்னைப் போலப் பதுங்கி இருக்கிறவங்களைப் பிடிக்க எங்கட நிறத்தில ஆளை விடுவாங்களே? உப்பிடி ஒரு கிழவனைத்தான் விடுவாங்கள். அவன்ர பெட்டியைத் திறந்து பார். நான் சொன்னது பிழையெண்டா என்ர மீசையை எடுக்கிறன்."

"உனக்கு மீசை எங்க இருக்கு?"

"அதுதான் துணிஞ்சு சொல்லுறன்."

பெட்டியைத் திறக்கும் பாவத்தைச் செய்ய வேண்டியிருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை ஏழாம் அறைக்கு விரிப்பு மாற்றப் போனபோது பெட்டி திறந்தே கிடந்தது. மேலே ஒரு கட்டுப் படங்கள். ஒன்றில் பாதிரியார் உடுப்பு; ஒன்றில் பொலிஸ் தொப்பி; ஒன்றில் தலைப்பாகையும் ஒட்டுத்தாடியும்; ஒன்றில் சிறைக் கைதி. எல்லாம் அதே பிளந்த புருவம். ஒவ்வொன்றின் அடியிலும் வேறுவேறு பெயர்! பக்கத்தில் சிவப்புக் கொப்பி. வரதராஜா ஒரு பக்கத்தைப் புரட்டினான். "ராஜா. விடுதி. தட்டிவிட்டுப் பின்வாங்குகிறான். கடிதம் வந்தால் அனுப்பியவர் பெயரைத்தான் முதலில் பார்க்கிறான்."

இனி இங்கே இருக்க முடியாது. சிட்னியில் நார்த்மீட் பக்கம் ஊர்க்காரரான மகேந்திரராஜா அண்ணன் இருந்தார். சனிக்கிழமை பஸ்ஸுக்குப் போய்விட முடிவுசெய்தான்.

இடையில் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளி தவறாமல் வரதராஜா குசினியில் கடலை அவித்து, குளிர்சாதனப் பெட்டியின் மேல் சாத்தி வைத்திருந்த பிள்ளையார் படத்துக்குப் படைப்பான். பிறகு பதினொரு அறைகளுக்கும் ஒவ்வொரு கிண்ணம் கொடுப்பான். கோயில் இல்லாத ஊரில் அவன் வைத்துக்கொண்ட ஒரே நேர்த்திக்கடன் அது. ஆறாம் அறைவரை கொடுத்துவிட்டு ஏழுக்கு முன்னால் நின்றான். தாண்டிப் போகலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் பிள்ளையாருக்குப் படைத்ததை ஆள் பார்த்துக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. தட்டினான். ஓரடி பின்னால் போனான்.

டக்கெட் கிண்ணத்தை வாங்கினார். கை நடுங்கிற்று, நாலைந்து கடலை தரையில் உருண்டது.

"மன்னித்துக்கொள். இருபத்தைந்து வருஷம் இந்தக் கையால் துப்பாக்கி பிடித்தேன். கமெரா ஓடும்போது ஒருநாளும் நடுங்கியதில்லை. நிறுத்து என்று சொன்னவுடன் ஆடத் தொடங்கிவிடும்."

"கமெராவா?"

"நான் நடிகன், ராஜா. நீ பெட்டி கட்டுவதைப் பார்த்தேன். என்னால்தானே?"

வரதராஜா வாசலிலேயே நின்றான். டக்கெட் படங்களை எடுத்துக் கட்டிலில் பரப்பினார். அடியில் இருந்தவை அவர் போட்ட வேடங்களின் பெயர்கள். அவர் அமெரிக்காவில் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒரு முடிதிருத்துபவரின் மகன். போரில் புருவம் பிளந்தது. ஹாலிவுட் போனபோது கதாநாயகன் ஆக அந்த முகத்தால் முடியவில்லை. கொலைகாரன் ஆக முடிந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள், தொலைக்காட்சித் தொடர்கள். எண்பத்து மூன்று தடவை செத்திருக்கிறாராம், கணக்கு வைத்திருந்தார்.

"தெருவில் என்னைக் கண்டால் தாய்மார் பிள்ளையைக் கிட்ட இழுப்பார்கள். பெயர் ஒருவருக்கும் தெரியாது. எங்கேயோ பார்த்த கெட்டவன், அவ்வளவுதான். மனிதர்களைப் பார்த்து எழுதிவைப்பது என் தொழில். கசாப்புக்கடைக்காரர், டிராம் கண்டக்டர், நீ. கேட்டிருக்க வேண்டும். பிழை என்னுடையது."

கொப்பியின் கடைசிப் பக்கத்தை நீட்டினார். "ராஜா என்னை எதிரி என்று நினைக்கிறான். இருந்தும் வெள்ளிக்கிழமைக் கடலை தவறவில்லை. இதை எப்படி நடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை."

வரதராஜா வாசித்தான். நெஞ்சு இளகியது, உடனே இறுகியது. நல்ல உளவுகாரனும் இதைத்தானே எழுதிவைப்பான்?

"பஸ் பிடித்து எங்கே போனாலும் நீ பதுங்கித்தான் இருக்க வேண்டும்," என்றார் டக்கெட். "போய்ப் பதிந்துவிடு."

"பொறி என்றால்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன். ஒரு தொலைக்காட்சித் தொடரில் மூன்று கிழமை நடிக்க வந்தேன். தொடர் பாதியில் நின்றது; அமெரிக்காவில் எனக்காகக் காத்திருக்க ஆளில்லை, தங்கிவிட்டேன். என் விசாவும் நவம்பரில் முடிந்தது." ஒரு கடலையை வாயில் போட்டார். "நான் முதலில் உள்ளே போகிறேன். நீ தெருவின் அந்தப் பக்கம் நில். ஆபத்தில்லை என்றால் வெளியே வந்து தொப்பியைக் கழற்றுவேன். கழற்றாவிட்டால் ஓடிவிடு."

சனிக்கிழமை பஸ் வரதராஜா இல்லாமல் போயிற்று. ஆனாலும் பெட்டியை அவன் அவிழ்க்கவில்லை.

வியாழக்கிழமை, கெடுவுக்கு ஒரு நாள் இருக்கையில், நகரத்துக் குடிவரவு அலுவலகத்துக்கு எதிரே பாணும் கேக்கும் விற்கும் ஒரு கடை வாசலில் அவன் நின்றான். டக்கெட் தெருவைக் கடந்து, திரும்பிப் பாராமல் உள்ளே போனார். ஒரு மணி நேரம் ஆயிற்று. இரண்டு மணி நேரமும் ஆயிற்று. அந்த வாசலுக்குள் போனவர்களை எண்ணினான், வந்தவர்களையும் எண்ணினான். கணக்குச் சரிவரவில்லை. வேறு வாசல் வழியாக வாகனத்தில் ஏற்றுகிறார்களோ? அல்லது கிழவர் உள்ளே தேநீர் குடித்துக்கொண்டு வரதராஜாவின் அங்க அடையாளங்களைச் சொல்லிக்கொண்டிருக்கிறாரோ?

பிள்ளையாரே, என்றான்.

கதவு திறந்தது. டக்கெட் படியில் நின்றார். மெல்லிய உதடு விரிந்து பெரிய சிரிப்பு. கொலைகாரனுக்குக் கொஞ்சமும் பொருந்தாத சிரிப்பு. தொப்பியைக் கழற்றினார்.

வரதராஜா அசையவில்லை. சிரிப்பு அவருடைய தொழில். தொப்பி கழற்றுவதும் அவருடைய தொழில். எண்பத்து மூன்று தடவை செத்தவருக்கு இது ஒரு பெரிய காரியமா?

அப்போது வரதராஜா, தொப்பியைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தான். நெஞ்சுக்கு நேரே அந்தத் தொப்பி, காற்றில்லாத நேரத்தில், இலைபோல ஆடிக்கொண்டிருந்தது. மறு கையால் அதை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. கமெரா ஓடும்போது ஒருநாளும் நடுங்காத கை. டக்கெட் அவனைக் கவனித்ததுபோல அவனும் அவரைக் கவனித்திருந்தான்.

வரதராஜா சட்டைப்பையில் இருந்த பாஸ்போர்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு தெருவைக் கடந்தான். டிராம் ஒன்று மணியடித்து அவனைத் திட்டிக்கொண்டு போயிற்று.

"பயந்துபோனேன், ராஜா," என்றார் டக்கெட். "அந்த அதிகாரி என்னை உற்று உற்றுப் பார்த்தான். எங்கேயோ பார்த்த முகம் என்றான்."

"என்ன சொன்னீர்கள்?"

"நான் ஒரு நல்ல மனிதன் என்று சொன்னேன். அவன் நம்பவில்லை. ஆனாலும் முத்திரை குத்திவிட்டான்."

அவர் கதவைத் திறந்து பிடித்தார். உள்ளே நீண்ட வரிசை. வரதராஜா கடைசியில் போய் நின்றான். டக்கெட்டும் அவனோடு வந்து நின்றார். அவருக்கு அங்கே இனி ஒரு வேலையும் இல்லை.