வண்டியின் இடது பக்கம்

ஓடைக்கரையில் மண்டியிட்டு, பழைய பால்மாவுத் தகரத்தால் வெள்ளைக் களிமண் தோண்டிக்கொண்டிருந்தாள் ஹில்டா. மேலே எல்லாம் செம்மண். ஒரு முழம் இறங்கினால்தான் வெள்ளை தட்டுப்படும். வந்ததை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்து, வேரும் கல்லும் இருந்தால் பொறுக்கி எறிந்துவிட்டு வாளியில் அறைந்தாள். தோண்டும்போதே ஒரு கண் தண்ணீர்மேல் இருந்தது. போன வாரம் இந்த மடுவில்தான் ஒரு முதலை கடைக்காரரின் நாயைக் கொண்டுபோனது.

ஊரில் ஏழு பெண்கள் துக்கத்துக்குப் பூசிக்கொள்ள மண் வேண்டும். தம்பி இறந்து ஒன்பது நாளாகிறது. பெரியப்பா மகன். கூடப் பிறந்தவனுக்கும் அவனுக்கும் வித்தியாசம் தெரியாமல் வளர்ந்தவள் ஹில்டா. சிறுநீரகம் இரண்டும் போய், நகரத்து மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரத்தோடு கிடந்தான். இரண்டு வருஷம். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊருக்கு ஒருதரம் வந்து தங்கிப் போக முடியாமலேயே கண்ணை மூடிவிட்டான். உடல் இன்னும் அங்கே குளிரறையில் இருந்தது. சின்ன விமானம் அடுத்த புதன்கிழமைதான் கிடைக்கும் என்றார்கள்.

அவன் பெயரை இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. இன்னும் பல வருஷம் சொல்லமாட்டார்கள். இறந்தவனின் பெயரைச் சொல்வதும் முகத்தைப் பார்ப்பதும் குரலைக் கேட்பதும் இந்த ஆதிக்குடிகளிடம் விலக்கு. கடைக்காரருக்கும் அதே பெயர்தான். ஒன்பது நாளாக அவர் எல்லோருக்கும் 'அந்த ஆளு' ஆகிவிட்டார். வீட்டுச் சுவர்களில் இருந்த அவன் படங்களை இறக்கித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று.

சுவரில் இல்லாத படம் ஒன்று இருந்தது. அது நகரத்திலிருந்து வாரத்துக்கு ஒருதரம் பன்னிரண்டு பயணிகளை ஏற்றிக்கொண்டு வரும் சுற்றுலா வண்டியின் இடது பக்கத்தில் ஒட்டியிருந்தது. நோய் வருவதற்கு முன் பத்து வருஷம் அந்த வண்டியில் வழிகாட்டியாக இருந்தவன் அவன். தோளில் ஈட்டியும் வாய்நிறைய சிரிப்புமாக, ஆள் உயரத்துக்கு மேலே நிற்பான். அவனுக்குப் படுக்கை என்று ஆனபிறகு அந்த வேலைக்குத்தான் ஹில்டா வந்தாள்.

இறந்த அன்றைக்கே கிளினிக்கிலிருந்து சுற்றுலா அலுவலகத்துக்குப் போன் செய்து, வண்டியில் இருக்கும் படத்தை மூடச் சொல்லிவிட்டாள். நிர்வாகி பெலிண்டா போனிலேயே அழுதாள். "கட்டாயம் மூடிடறோம் ஹில்டா. வேற என்ன வேணுமோ கேளு" என்றாள். பயணிகள் பார்க்க வரும் ஓவியப் பாறையையும் இப்போதைக்கு மூடவேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவனுடைய அப்பன்வழி இடம் அது. அதற்கும் சரி என்றாள் பெலிண்டா. ஓட்டுநர் லீவில் இருந்ததால் போன வாரம் வண்டி வரவில்லை.

புழுதி முதலில் தெரிந்தது. பிறகு வண்டி. ஓடையைத் தாண்டி, ஹில்டா எப்போதும் ஏறிக்கொள்ளும் பட்டை காகிதம்போல் உரியும் காகிதப்பட்டை மரத்தடியில் வந்து நின்றது. அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையேறினாள். தலையை நிமிர்த்தியவள், சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

ஓட்டுநர் ட்ராய் இறங்கி ஓடிவந்தான். தெற்கிலிருந்து வந்த பையன், முப்பது வயதிருக்கும். தம்பியிடம்தான் இந்தத் தடத்தைக் கற்றவன்.

"அக்கா, கேள்விப்பட்டேன். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

"ட்ராய், என்னடா இது?"

"எது?"

"எனக்குப் பின்னால நிக்குதே, அது."

அவன் வண்டியைப் பார்த்தான். "ஐயோ. எங்கிட்ட யாரும் சொல்லலக்கா. நேத்து ராத்திரிதான் லீவு முடிஞ்சு வந்தேன். கழுவி பளபளன்னு நிறுத்தியிருந்தாங்க, எடுத்துட்டு வந்துட்டேன்."

"ஊருக்குள்ள இத ஓட்டிட்டுப் போகப்போறியா? பெஸ்ஸி பெரியம்மா மாமரத்தடியில பாய் போட்டு உட்காந்திருக்கா. ரோட்டப் பாத்துத்தான் உட்காந்திருக்கா."

வண்டி போய்ச்சேரவேண்டிய படகுத்துறைக்கு வேறு வழி கிடையாது. போகும்போது பெஸ்ஸியின் வீடு இடப்பக்கம். மகன் வந்து சேரும்வரை அவள் அந்தப் பாயைவிட்டு எழப்போவதில்லை.

ட்ராய் செயற்கைக்கோள் போனை எடுத்து அலுவலகத்தைக் கூப்பிட்டான். கொஞ்சநேரம் "ஆமா... ஆமா..." என்று கேட்டுவிட்டு ஹில்டாவிடம் நீட்டினான்.

"ஹில்டா, நான் மறக்கல. விசாரிச்சேன்" என்றாள் பெலிண்டா. "ஒட்டுப்படத்தப் பிரிச்சா பெயிண்ட் உரிஞ்சிடுமாம். வண்டி குத்தகைக்கு எடுத்தது. புதுப்படம் வர நாலு வாரம் ஆகும்."

"துணி கட்டலாமே."

"ஓடற வண்டியில துணி கட்டக்கூடாதுன்னு விதி இருக்கும்மா. எங்கயாவது சிக்கிச்சுன்னா? உங்க வீட்டத் தாண்டறது ரெண்டு நிமிஷம்தானே?"

"அவளுக்கு அது ரெண்டு நிமிஷம் இல்ல."

"பாறைய மூடச் சொன்னீங்க, மறுவார்த்தை பேசாம மூடிட்டோம். அது உங்க இடம், மதிக்கிறோம். ஆனா வண்டி எங்களுது ஹில்டா. நீயும் கொஞ்சம் புரிஞ்சுக்கணும்."

ஹில்டா போனைத் திருப்பிக் கொடுத்தாள். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வண்டிக்குள் குளிர்காற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தகரத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கு இறங்கி, அதில் தண்ணீர் மொண்டுவந்து வாளியில் ஊற்றினாள். கையைவிட்டுப் பிசைந்தாள். தோசைமாவுப் பதத்துக்கு வந்தது.

"அக்கா, என்ன பண்ணப்போற?"

"இதுக்கு விதி இருக்கா? மண்ணு ரோட்ல ஓடற வண்டியில மண்ணு இருக்கும்."

முகத்தை ஓடைப்பக்கம் திருப்பிக்கொண்டே, வண்டியின்மேல் கைநிறைய மண்ணை வைத்து இழுத்தாள். கால், முழங்கால், இடுப்பு என்று குத்துமதிப்பாகப் போனது. அதற்குமேல் எட்டவில்லை.

"எங்க இருக்குன்னு சொல்லுடா. நான் பாக்கமாட்டேன்."

"இன்னும் கொஞ்சம் மேல. வலது பக்கம்... அது தோளு."

"முகம்?"

"உனக்கு எட்டாதுக்கா."

"அப்ப நீ பூசு. மொதல்ல சிரிப்ப மூடு."

ட்ராய் சட்டைக்கையை மடித்துவிட்டு, சக்கரத்தின்மேல் ஒரு காலை ஊன்றி ஏறினான். வாயில் பூசினான். கண்ணுக்கு வந்தபோது அவன் கை நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பூசினான்.

வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண் வண்டியிலிருந்து இறங்கிவந்தாள். "என்ன ஆச்சு? நாங்க ஏதாவது செய்யணுமா?"

"என் தம்பி செத்துட்டான். அவங்கம்மா இதப் பாக்கக்கூடாது" என்றாள் ஹில்டா.

"ஓ... இவர் உங்க சொந்தத் தம்பியா?"

"பெரியப்பா மகன்."

"அப்படீன்னா, தூரத்து உறவு..."

"தம்பி" என்றாள் ஹில்டா.

அந்தப் பெண் தலையசைத்தாள். கையைத் துடைத்துக்கொள்ளத் தன் கழுத்துத்துணியை அவிழ்த்து நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஹில்டா மிச்ச மண்ணைத் தன் நெற்றியிலும் இரண்டு புஜங்களிலும் பூசிக்கொண்டு வண்டியில் ஏறினாள்.

ஊரைத் தாண்டும்போது ட்ராய் வேகத்தைக் குறைத்தான். மாமரத்தடியில் பெண்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தார்கள். பெஸ்ஸி தலையைத் தூக்கி வண்டியைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து பாளம்பாளமாக வெடிக்கத் தொடங்கிய வெள்ளை மண் அவளைக் கடந்துபோனது. அவள் மறுபடி தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த வெர்னா, ஹில்டாவின் சித்தி மகள், தெரிந்தும் தெரியாமலும், சரி என்பதுபோல் ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டினாள்.

ஹில்டா மூச்சை விட்டாள். ஊரைத் தாண்டி, ஆள் உயரக் கரையான் புற்றுகள் வரிசைகட்டி நிற்கும் வெளிக்கு வண்டி வந்தது. அப்போது மேலே இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது.

"வாங்க வாங்க, நம்ம வீட்டுக்கு வந்துட்டீங்க! பயப்படாதீங்க, முதலைங்க எல்லாம் காலைலயே சாப்பிட்டாச்சு..."

அவன் குரல்தான். இரண்டு வருஷமாக நகரத்திலிருந்து போனில் மெலிந்துபோய்க் கேட்ட குரல் இல்லை. பழைய குரல். நெஞ்சு நிமிர்ந்த குரல்.

ஹில்டா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொந்த மொழியில் கத்தினாள். ட்ராய் ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் பொத்தானைத் தட்டினான். குரல் பாதி வார்த்தையில் அறுந்தது. வண்டி புழுதிக்குள் நின்றது.

"புதுசா வச்சிருக்காங்கக்கா. இடம் வந்தா தானாப் பேசுமாம். அவர் குரல்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

பின்வரிசையில் இருந்த கிரேம் என்பவர், ஓய்வுபெற்ற பொறியாளர், பக்கத்தில் இருந்த மனைவியிடம், "நல்லாத்தானே பேசிட்டிருந்தார்?" என்றார்.

ஹில்டா இறங்கிப்போய்ப் புற்றுகளுக்கு நடுவில் நின்றாள். கொஞ்சநேரம் கழித்து மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பி வந்தாள். அன்றைய வேலையை அன்றைக்கு முடித்தாள். பாறைக்குப் பதிலாக அல்லிக்குளத்துக்குக் கூட்டிப்போனாள். தண்டை உரித்துத் தின்னக் கொடுத்தாள். தாழை ஓலையை முள் நீக்கி எப்படிக் கிழிப்பது என்று காட்டினாள். நெருப்புமூட்டி, காகிதப்பட்டையில் கொடுவா மீனைச் சுற்றிச் சுட்டு, பன்னிரண்டு பேருக்கும் பங்குவைத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கிரேம் கேட்டபோது, இன்றைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாம் நாள் கடைக்குப் போன் வந்தது. கல்லாவில் இருந்த வெர்னா, ஆளனுப்பி ஹில்டாவை வரவழைத்தாள்.

"எப்படி இருக்கே ஹில்டா?" என்று தொடங்கினாள் பெலிண்டா. குரலில் அக்கறை இருந்தது. பயணிகளில் ஒருவர் எழுதியிருக்கிறாராம். ஓவியப் பாறையைக் காட்டவில்லை, வண்டி சேறாக இருந்தது, வழிகாட்டி நடுவழியில் கூச்சல் போட்டாள். "நான் உன்னத் தப்பு சொல்லல. துக்கத்துல இருக்கறவள வேலைக்கு வரச்சொன்னது எங்க தப்புதான். நீ கொஞ்சநாள் ஓய்வெடு. இந்த சீசன் முடியட்டும், அப்புறம் பேசலாம்."

"சீசன் முடிஞ்சா மழை வந்துடும். வண்டியே வராதே."

"அடுத்த வருஷம் பாக்கலாம்னுதான் சொல்றேன்."

"அதுவரைக்கும் யாரு பேசுவா வண்டியில?"

"அதான் பதிவு பண்ணது இருக்கே" என்றாள் பெலிண்டா.

"அவன் பேசினதா?"

"அவரே விருப்பப்பட்டுத்தான் பேசினார் ஹில்டா. குரலுக்கும் படத்துக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். நல்ல ஞாபகமா இருக்கட்டுமேன்னு நாங்க..."

"அப்ப அவன் உசுரோட இருந்தான்."

"தெரியும்மா."

"புதன்கிழமை கொண்டுவர்றோம். அதுக்கு முன்னாடி நாள் வண்டி வருது. அந்த ஒரு நாளாவது..."

"எல்லா சீட்டும் முன்பதிவு ஆயிடுச்சு" என்றாள் பெலிண்டா. "மன்னிச்சிடு."

ஹில்டா போனை வைத்தாள். மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்தாள். வெர்னா கல்லாவைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"என்னவாம்?"

"எனக்கு லீவு."

"அவனுக்கு?"

"அவன் வேலை பாப்பானாம். வண்டியில அவன் குரல்தான் பேசப்போகுதாம்."

"உடம்பு முடியாம ரெண்டு வருஷம் கெடந்தான். அந்த ஆபீஸ்காரங்க ஒரு பூவோ ஒரு கடுதாசியோ அனுப்பல. இப்ப செத்தும் அவனுக்கு லீவு கிடைக்கலயே" என்றாள் வெர்னா.

பெரியவர்கள், ஊர் நிலங்களைக் கவனிக்கும் நில மன்றத்துக்குக் கடிதம் எழுதினார்கள். நில மன்றத்திலிருந்து வந்த ஆள், பாறையை மூட அதிகாரம் இருக்கிறது, சாலை அரசாங்கத்தினுடையது, அடுத்தமாதக் கூட்டத்தில் எடுத்துப் பேசலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வேறு இடத்துக்கு வந்து உட்காரச் சொல்லி ஹில்டா பெஸ்ஸியிடம் கேட்டுப் பார்த்தாள். ஏன் என்று சொல்ல முடியவில்லை.

"எங்க போறது?" என்றாள் பெஸ்ஸி. "அவன் வந்து தேடினா நான் இங்கதானே இருக்கணும்?"

செவ்வாய்க்கிழமை ஒன்பதரைக்குக் கிழக்கே புழுதி எழுந்தது. கடைவாசலில் நின்றிருந்த வெர்னா விசிலடித்துவிட்டு ஓடிவந்தாள். ஏழு பெண்களும் எழுந்தார்கள். கையில் கிடைத்த கம்பளி, போர்வை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மாமரத்துக்கும் சாலைக்கும் நடுவில் தோளோடு தோள் நின்று, தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்கள். நெற்றியிலும் புஜங்களிலும் வெள்ளை மண். துணிகளுக்குப் பின்னால் பெஸ்ஸி, "என்னடி பண்றீங்க? யாரு வர்றா?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல பெரியம்மா. வெயிலு" என்றாள் ஹில்டா.

பூசிய மண் எல்லாம் கழுவிய வண்டி வந்தது. ட்ராய் இல்லை, வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. புது ஓட்டுநர் அவர்களைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தான். ஹில்டா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். துணியின் கனத்தில் தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. ஓரமாக நின்ற வெர்னா, "அசையாதீங்கடி, இதோ போயிடும்" என்று பல்லிடுக்கில் சொன்னாள்.

வண்டி போகவில்லை. தங்களை வரவேற்க நிற்கிறார்கள் என்று நினைத்து உள்ளே யாரோ கையசைத்தார்கள். இன்னொருவர் அசைத்தார். பிறகு எல்லா ஜன்னல்களிலும் கைகள் ஆடின. போன்கள் உயர்ந்தன. அவர்கள் இன்னும் நன்றாகப் படம் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஓட்டுநர், பெண்களுக்கு நேர் எதிரே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.