குவானோச் சட்டை

எர்மெலிந்தா அப்பாவின் வேலைச் சட்டையைக் கையால் எடுக்கவில்லை. ஒரு விறகுக் குச்சியை மூட்டைக்குள் விட்டுக் கிளறி, சட்டையின் கழுத்தில் மாட்டி, செத்த பாம்பைத் தூக்குவதுபோலத் தூக்கித் தொட்டிக்குள் போட்டாள். போட்ட மாத்திரத்தில் தண்ணீர் மஞ்சளானது. சின்ன இறகு ஒன்று மேலே மிதந்து வந்தது. நெடி மூக்கில் ஏறியதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கைக்கு உறை வேற மாட்டிக்கிட்டா பாரு," என்றாள் கசில்டா அத்தை. ஆற்றோரக் கல்லில் உட்கார்ந்து கோக்கா இலையை மென்றுகொண்டிருந்தாள். "செத்தது என் தம்பியா, இல்ல எலியா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். செத்தவர் துணியை ஆற்றில் துவைக்கிற ஐந்தாம் நாளில் சிரிக்கலாம், குடிக்கலாம். அழுகையெல்லாம் முதல் நான்கு நாளோடு சரி.

"பல் ஆஸ்பத்திரியில இப்படித்தான் அத்தை. பழகிப் போச்சு."

"அங்க ஊரான் வாய். இது உங்கப்பன் சட்டை."

எர்மெலிந்தா குச்சியால் சட்டையைத் தண்ணீருக்குள் அமுக்கினாள். வாராஸ் நகரத்தில் பல் டாக்டரிடம் பதினோரு வருஷமாக வேலை. வெள்ளைக் கோட்டு, முகமூடி, கையுறை. வரும்போது ஒரு பெட்டி உறையைப் பையில் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அருவருப்பு என்றால் அருவருப்புதான், அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

குவானோ என்றால் எங்கள் மலையில் எல்லா எருவும்தான். ஆட்டுப் புழுக்கையும் குவானோ, கோழி எச்சமும் குவானோ, அடுப்படியில் கறிக்காக வளர்க்கும் கூய் எலிகளின் அடியில் சேர்வதும் குவானோ. பெண் பார்க்கப் போகிறவர்கள் "அந்த வீட்டுல குவானோ உண்டா" என்று விசாரித்தால் ஆடு மாடு உண்டா என்று அர்த்தம். வளராத பிள்ளையைக் கண்டால் "செருப்புக்குள்ள கொஞ்சம் குவானோ போட்டு விடுங்க" என்பார்கள். உதவாக்கரையை "இவன் குவானோவுக்குக்கூட ஆக மாட்டான்" என்பார்கள். ஆனால் "தீவுக் குவானோ" என்று சொல்லும்போது மட்டும் குரலில் ஒரு மரியாதை வரும். கடல் நடுவே பறவைகள் காலங்காலமாகப் பேண்டு மூடிய பாறைகள். அதைக் கடப்பாரையால் கொத்தி, சலித்து, மூட்டை கட்டி, முதுகில் சுமந்து படகேற்ற ஆட்கள் எங்கள் மலையிலிருந்துதான் இறங்கிப் போகிறார்கள். மார்ச்சில் லாரி ஏறினால் நவம்பரில்தான் ஊர்; நடுவில் ஆள் குறைந்தால் இன்னொரு லாரி வரும். எர்மெலிந்தாவின் அப்பா லியோன்சியோ முப்பத்தோரு வருஷம் அப்படிப் போனார். இந்த வருஷம் ஜூலையிலேயே இருமலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நவம்பரில் அவர் வந்து இறங்கினால் தெருமுனையிலேயே நெடி வந்துவிடும். அம்மா முற்றத்தில் நிறுத்தி உடுப்பை அவிழ்க்கச் சொல்வாள். ஒரு வாரம் தேய்த்துக் குளித்தாலும் காதுமடலுக்குப் பின்னால் அந்த நெடி இருக்கும். டவுன் பள்ளிக்கூடத்தில் எர்மெலிந்தாவுக்குக் குவானோ என்றே பெயர். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் ஜன்னலைத் திறந்து வைப்பாள். பத்து வயதில், ஊர் திரும்பிய அப்பா தூக்க வந்தபோது அவள் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள். அதற்குப் பிறகு அவர் தூக்க வரவில்லை.

"முதல் தண்ணிய ஆத்துல கொட்டிடாத," என்று மேட்டிலிருந்து அம்மா தியோதோரா குரல் கொடுத்தாள். "வயலுக்கு."

மற்ற வீடுகளில் சாவுத் துணி துவைத்த தண்ணீரை ஆறுதான் கொண்டுபோகும், அதோடு துக்கமும் போகும். தீவுக்குப் போனவர்கள் வீட்டில் மட்டும் முதல் தண்ணீர் வயலுக்கு. பறவை எச்சம் கலந்த தண்ணீரை ஆற்றில் விட யாருக்கு மனசு வரும்? முன்பட்டக் கிழங்கு போட்டிருந்த பாத்திக்குத் தொட்டியை இழுத்துப்போய்ச் சாய்த்தாள் எர்மெலிந்தா. மஞ்சள் தண்ணீர் செருப்பில் தெறித்தது. அவள் காலை உதறிக்கொண்டு ஓரமாகப் போய்த் துப்பினாள்.

"துப்புறா பாரு," என்றாள் கசில்டா.

வழக்கம் இன்னொன்றும் உண்டு. துவைப்பது மூத்த மகள். காய்ந்த துணியைப் பங்கு வைப்பதும் அவள்தான். இன்னாருக்கு என்று அவளிடம் யாரும் கேட்கக் கூடாது. கூட்டத்தில் நிற்கிற எவருக்கும் அவள் கொடுக்கலாம். கொடுத்ததை மறுக்கக் கூடாது, அங்கேயே உடுத்திக்கொள்ள வேண்டும். வேலைத் துணி யாருக்குப் போகிறதோ செத்தவரின் வேலையும் அவருக்கு. போன வருஷம் ஒரு சாவில் கொம்பு ஊத வந்தவன் கையில் பன்றி மேய்க்கிறவரின் மேல்துண்டு போய்ச் சேர்ந்துவிட்டது. பாவம், மூன்று மாதம் மேய்த்துக் கொடுத்துவிட்டுத்தான் தன் ஊருக்குப் போனான். எங்கள் ஊரில் இதை யாரும் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

அதனால்தான் தம்பி வில்மர் காலையிலிருந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். இருபத்தாறு வயது. மனைவி யானெத்துக்கு ஆறாம் மாதம். அப்பாவின் கால்சட்டை தீவிலேயே கிழிந்து போயிருந்தது. மிச்சம் இந்தச் சட்டைதான், இது தனக்குத்தான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான்.

"வாராஸுக்கு வாடா," என்றாள் எர்மெலிந்தா, இரண்டாவது தண்ணீர் ஊற்றும்போது. "டாக்டர் கிட்ட சொல்லி வச்சிருக்கேன். வாசல்ல காவலுக்கு ஆள் தேடுறாரு."

"போயி? நீ எச்சில் கிண்ணம் கழுவு, நான் வர்றவனுக்கெல்லாம் கதவு தொறந்து விடுறேன். அப்பா யாருக்கும் கதவு தொறந்ததில்லக்கா."

"அப்பா எப்படிச் செத்தாருன்னு பாத்தியா?"

"சளி புடிச்சு செத்தாரு. தாத்தாவும் சளிலதான் போனாரு. அவரு தீவுக்கா போனாரு?"

"அவரு துப்பினது என்னன்னு உனக்குத் தெரியாது. கிண்ணத்தப் புடிச்சது நான்."

"ஆமா, முகமூடி போட்டுக்கிட்டுப் புடிச்ச."

அவளுக்குச் சுருக்கென்றது. உண்மைதான். கடைசி மூன்று நாளும் முகமூடியும் உறையுமாகத்தான் அவர் கட்டிலருகே நின்றாள். புரட்டிப் படுக்க வைத்தபோது அவர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பார்க்க வந்தவர்களிடம் காட்டினார். "என் மக கையப் பாத்தீங்களா, ஒரு பொட்டு அழுக்கு இருக்காது." உறையைத்தான் காட்டுகிறோம் என்று அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை. அன்று மத்தியானம் போய்விட்டார்.

சட்டையைக் கல்லில் விரித்துத் தேய்த்தாள். சோப்பு நுரை பொங்குவதும் அடங்குவதுமாக இருந்தது, நெடி அடங்கவில்லை. அக்குளில் துணி அரித்துச் சல்லடையாக இருந்தது. தோள் இரண்டிலும் மூட்டை தேய்த்துத் தேய்த்து அம்மா வைத்த ஒட்டு, ஒட்டின் மேல் ஒட்டு. உறைக்குள்ளேயே அவள் விரல் கூசியது.

துணி காய்ந்துகொண்டிருக்கும்போது ஆள் பிடிக்கிற அபெலினோ வந்தார். தோல் ஜாக்கெட், வாசனைத் தண்ணீர், கையில் இரண்டு புட்டி. முப்பது வருஷமாக மலையிலிருந்து ஆட்களை ஏற்றிக் கொண்டுபோய்ப் படகுத்துறையில் இறக்கி விடுகிறவர். தீவில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அம்மாவிடம் போய்த் தொப்பியைக் கழற்றினார்.

"லியோன்சியோ மாதிரி ஆளு இனி எங்கம்மா கிடைக்கப் போறான்? பறவையெல்லாம் அவனத் தேடுது."

பொரித்த கூய்க் கறியும் கிழங்கும் வைத்தார்கள். அவர் தொடை எலும்பை உறிஞ்சிச் சாப்பிட்டார். நுனியைக் கடித்து மென்று துப்பினார். உதட்டில் வழிந்த எண்ணெயைப் புறங்கையால் துடைத்து, புறங்கையைப் புல்லில் துடைத்தார். எர்மெலிந்தா பார்வையை எடுக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கிழமை விடியல்ல லாரி," என்றார் அபெலினோ. "அவன் இடத்துக்கு எத்தன பேரு கேக்குறான் தெரியுமா? நான்தான் லியோன்சியோ வீட்டுக்குன்னு வச்சிருக்கேன்."

"நான் வர்றேன் ஐயா," என்றான் வில்மர்.

அபெலினோ உட்கார்ந்தபடியே கையை நீட்டி வில்மரின் தோளை அமுக்கிப் பார்த்தார். பிறகு மேல்கையை. அந்தப் பிசுபிசுத்த விரல்கள் சட்டையில் தடம் பதித்தன.

"அப்பன் தோளுதான். பத்து வருஷம் தாங்கும்."

எர்மெலிந்தா அந்தத் தடத்தையே பார்த்தாள். இந்த ஆள், அந்த விரல், அந்தப் பத்து வருஷம். குவானோ இதைவிட எவ்வளவோ சுத்தம் என்று தோன்றியது.

"பல்லையும் ஒரு தடவ பாத்துருங்க ஐயா," என்றாள். "மாடு வாங்குறவங்க அதையும்தான் பாப்பாங்க."

பெண்கள் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அபெலினோவும் சிரித்தார். "டவுன்ல இருந்து வந்த பொண்ணு, அப்படித்தான் பேசும்," என்றார் அம்மாவிடம். யானெத் மட்டும் சிரிக்கவில்லை. கிழங்குத் தோலை உரித்தபடி எர்மெலிந்தாவையே பார்த்தாள்.

வெயில் சாயும் நேரத்தில் எல்லோரும் வட்டமாக நின்றார்கள். நல்ல தொப்பி சித்தப்பாவுக்குப் போனது. கம்பளிப் போர்வை அம்மாவுக்கு. ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எர்மெலிந்தா கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். அவள் படிப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கிய அன்று அவர் இதைப் போட்டுக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே கேட்டருகில் நின்றார். அவள் உள்ளே கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம், யார் என்ன சொல்லியிருக்கப் போகிறார்கள்? கோட்டை வில்மரிடம் நீட்டினாள்.

வில்மர் அதை வாங்கி மாட்டிக்கொண்டான், ஆனால் கண் சட்டையின் மேல்தான் இருந்தது. அவன் மறுபடியும் கையை நீட்டத் தயாராக நின்றான். அவனுக்குப் பின்னால் அபெலினோ சோளக் கள்ளுக் குவளையோடு நின்றார்.

எர்மெலிந்தா கையுறையைக் கழற்றித் தரையில் போட்டாள். பாறையில் காய்ந்திருந்த சட்டையை இரண்டு கையாலும் எடுத்தாள். விறைத்துப்போய்ப் பலகை மாதிரி இருந்தது. வில்மரைத் தாண்டி நடந்தாள்.

"வாங்கிக்கங்க ஐயா."

அபெலினோ முதலில் சிரித்தார். "தம்பிக்குத்தானம்மா?"

"உங்களுக்குத்தான்."

வில்மர் நீட்ட வந்த கையை இறக்கினான். அபெலினோ வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். திங்கட்கிழமை லாரியில் ஏற வேண்டிய ஆட்கள் பாதிப்பேர் அந்த வட்டத்தில்தான் நின்றார்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

கோக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கசில்டா அத்தைதான் பேசினாள். "போட்டுக்கங்க ஐயா. என் தம்பி பாத்துக்கிட்டு நிக்கான்."

அபெலினோ ஜாக்கெட்டைக் கழற்றினார். மூச்சை அடக்கிக்கொண்டு ஒரு கையை நுழைத்தார், அப்புறம் இன்னொன்றை. வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. கழுத்துப் பட்டை தாடையில் பட்டதும் முகம் கோணிக் குமட்டியது. ஓரமாகத் திரும்பி எச்சிலைக் கூட்டித் துப்பினார். யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் லியோன்சியோ புரண்ட நெடி அது, அதில் என்ன சிரிப்பு?

"இந்த வீட்டு ஆளு இனி ஒருத்தன் என் லாரியில கால் வைக்கக் கூடாது," என்றார் போகும்போது. குவளையைக் குடிக்காமலே கீழே வைத்துவிட்டுப் போனார்.

வில்மர் தொட்டியை எட்டி உதைத்தான். அது உருண்டு ஆற்றோரம் போய் நின்றது. "உனக்கென்ன, நீ நாளைக்குப் போயிருவ. இங்க நான் எதத் தின்னுறது?" அப்பாவின் கோட்டோடு அவன் மேட்டில் ஏறிப் போனான். இவன் தன்னை மன்னிக்க மாட்டான் என்று எர்மெலிந்தாவுக்குத் தெரிந்தது. யானெத் வந்து உரித்த கிழங்கு ஒன்றை, இன்னும் சூடாக, அவள் கையில் வைத்துவிட்டு அவன் பின்னால் போனாள்.

அம்மா போய் உருண்டு கிடந்த தொட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"முதல் தண்ணிய வயலுக்கு ஊத்தினியா?"

"ஊத்திட்டேம்மா."

"சரி."

மறுநாள் காலையில் எர்மெலிந்தா பையைத் தூக்கிக்கொண்டு பேருந்துச் சாலைக்கு இறங்கினாள். இரண்டாவது வளைவில் நெடிதான் முதலில் வந்தது. பிறகு பார்த்தாள். சாலையோரச் சாக்கடையில், பாதி நனைந்து, ஒரு கை வெளியே நீட்டியபடி சட்டை கிடந்தது. மேலே லாரிச் சக்கரம் ஏறிய தடம் இருந்தது.

அவள் குனிந்து எடுத்தாள். பிழிந்தாள், பழுப்பாகத் தண்ணீர் மணிக்கட்டு வழியே ஓடியது. கைகள் இரண்டையும் உள்பக்கமாக மடித்து, அம்மா மடிப்பதுபோல நான்காக மடித்தாள். பையில் வேறு இடமில்லை. வெள்ளைக் கோட்டின் மேலேயே வைத்து மூடினாள்.

பேருந்தில் கூட்டம் இல்லை. நாலு மைல் போவதற்குள் பக்கத்து இருக்கைக்காரி மூக்கைச் சுளித்து, எழுந்து, ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள். எர்மெலிந்தா பையை மடியில் இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.